வால்வோ பஸ்ஸும் வால்வுலஸும்

சென்னை - பெங்களூர் வால்வோ பஸ்ஸில் ஒரு தடவையாவது போகாத பொட்டி தட்டுறவங்க யாராவது இருக்கீங்களா? ரொம்ப அபூர்வம்தான். ஆனா அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சிருக்கீங்களா? லத்தீன் மொழியில் 'வால்வோ' என்றால் 'நான் உருளுகிறேன்'. 1915ல் ஸ்வீடனின் எஸ்.கே.எஃப். என்ற பால் பேரிங் கம்பெனி பதிவு பண்ணி வெச்ச பெயர் அது. பேரிங் உருளும், சக்கரம் உருளும், பேர்ப் பொருத்தம் சரிதான்.

அதே வேர்ச்சொல்லில் இருந்து பிறந்த இன்னொரு சொல்தான் 'வால்வுலஸ்'. இங்கே உருளுவது சக்கரம் இல்லை, நம்ம வயித்துக்குள்ள இருக்கிற குடல். தமிழில் குடல் முறுக்கு. ஒரு துண்டு குடல் தன்னைத்தானே சுத்திக்கிட்டு முறுக்கிக்கொண்டால், சில மணி நேரத்தில் ஆளைக் கொன்றுவிடக்கூடிய சமாச்சாரம். மனுஷன் இதோட மூவாயிரம் வருஷத்துக்கும் மேலா மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கான். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ஆணி பிடுங்குறது மென்பொருள் துறையில். இது வைத்தியக் குறிப்பு இல்லை, வரலாறு. ஆனா கடைசியில் ஒரே ஒரு விஷயம் மட்டும் வைத்தியக் குறிப்பு மாதிரியே சொல்லப்போறேன். அதைத் தயவுசெய்து ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஊஞ்சல் தத்துவம்

குடல் எப்படி முறுக்கும்? முதல்ல அது எப்படித் தொங்குதுன்னு பார்க்கணும்.

குடல் வயித்துக்குள்ள சும்மா சுருட்டிப் போட்ட குழாய் இல்லை. மெசென்ட்ரி என்று ஒரு மெல்லிய திரை மாதிரியான சவ்வு அதை முதுகுப்பக்கச் சுவரோடு சேர்த்துக் கட்டியிருக்கு. ரத்தக்குழாய்கள் எல்லாம் அந்தத் திரை வழியாத்தான் குடலுக்கு வருது. அதாவது தாங்குற கயிறும் சாப்பாடு கொண்டுவர்ற பாதையும் ஒண்ணேதான்.

இப்போ ரெண்டு ஊஞ்சலை நினைச்சுப் பாருங்க. ஒண்ணு பழைய வீட்டுக் கூடத்தில் நாலு சங்கிலியில் தொங்குற பலகை ஊஞ்சல். சங்கிலிகள் அகலமா, தள்ளித் தள்ளி மாட்டியிருக்கும். என்ன ஆட்டினாலும் அது முறுக்காது. இன்னொண்ணு மரக்கிளையில் ரெண்டு கயிறையும் பக்கத்துப் பக்கத்துல கட்டின ஊஞ்சல். சின்னப் பசங்க உட்கார்ந்து காலால் உந்தி ஒரு சுத்து சுத்தினாலே கயிறு ரெண்டும் பின்னிக்கும்.

குடலும் அப்படித்தான். திரையோட அடிப்பாகம் அகலமா இருந்தா பிரச்சினை இல்லை. அடி குறுகலாவும் தொங்குற குடல் நீளமாவும் இருந்தா முறுக்க வாய்ப்பு அதிகம். பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டில் நடக்கும். அதுக்கு அடுத்தபடி பெருங்குடல் ஆரம்பிக்கிற சீகம் பகுதியில். பச்சைக் குழந்தைகளுக்கு நடப்பது வேற ரகம், அதைக் கடைசியில் பார்ப்போம்.

முறுக்கினவுடனே ரெண்டு விஷயம் நடக்கும். ஒண்ணு, பாதை அடைபடும். காத்தும் கழிவும் வெளியே போக முடியாமல் வயிறு தம்பட்டம் மாதிரி உப்பும். ரெண்டாவதுதான் எமன். ரத்த ஓட்டம் நின்னுபோய் குடல் அழுக ஆரம்பிக்கும். பாதை அடைப்பை மட்டும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கலாம். ரத்தம் நின்னா கணக்கு மணி நேரத்தில்தான். இந்த நோயோட மொத்த வரலாறும் அந்தக் கடிகாரத்தோட ஓடுற ஓட்டம்தான்.

துருத்தி வைத்தியம்

கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடி ஒண்ணு இருக்கு, ஏபர்ஸ் பாப்பிரஸ்னு பேரு. அதில் வர்ற ஒரு குறிப்பை ஆய்வாளர்கள் குடல் முறுக்கு என்றே பொருள்கொள்கிறார்கள். சாராம்சம் இதுதான்: ஒண்ணு தானா அவிழும், இல்லைன்னா உள்ளேயே அழுகும். மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே நோயை ரெண்டே வரியில் முடிச்சிட்டான் பாருங்க. இன்னிக்கும் ஒரு சர்ஜன் மனசுக்குள்ள கேட்டுக்குற கேள்வி அதுவேதான்: அவிழுமா, அழுகிடுச்சா?

அடுத்து கிரேக்கம். ஹிப்போகிரட்டிஸ் பேரில் வழங்கும் நூல்களில் குடல் அடைப்புக்கு ஒரு வைத்தியம் இருக்கு. ஆசனவாய் வழியா கொல்லன் துருத்தி மாதிரி ஒண்ணை வெச்சு உள்ளே காத்தை ஊதுறது. அதோட பத்து விரல்கடை நீளத்துக்கு ஒரு குச்சி மாதிரியான மருந்தை உள்ளே செலுத்துறது. படிச்சதும் சிரிப்பு வரும். எனக்கும் வந்துச்சு. ஆனா கொஞ்சம் பொறுங்க, இந்தத் துருத்தி வைத்தியம் 20ஆம் நூற்றாண்டில் திரும்ப வந்து நம்மளைப் பார்த்துச் சிரிக்கப்போகுது.

அதே கோஸ் தீவைச் சேர்ந்த பிராக்ஸகோரஸ் என்பவர் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் இன்னும் ஒரு படி மேலே போய், அடைபட்ட குடலை வயித்துச் சுவர் வழியாத் திறந்து கழிவை வெளியேத்தினார் என்று சொல்றாங்க. மயக்க மருந்து கிடையாது என்பதை மட்டும் நினைச்சுக்கோங்க.

பாதரசம் குடிச்ச காலம்

அதுக்கப்புறம் ஐரோப்பாவில் ரொம்ப காலத்துக்குக் கத்தியை யாரும் வயித்துப்பக்கம் கொண்டுபோகலை. வயித்தைத் திறந்தா சாவு என்பது கிட்டத்தட்ட உறுதியா இருந்தது. அதனால திறக்காமலே என்னென்ன பண்ணலாமோ எல்லாம் பண்ணாங்க. எனிமா, அபின், வயித்தைப் பிசைவது... எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்ட ஒண்ணு பாதரசம்.

நோயாளியைப் பாதரசத்தைக் குடிக்க வெப்பாங்க. லாஜிக் என்னன்னா, பாதரசம் ரொம்ப கனமானது. தண்ணியைப் போல 13 மடங்குக்கும் மேல் எடை. அது குடல் வழியா இறங்கும்போது தன் எடையாலேயே முறுக்கை அவிழ்த்துவிடும் என்று நம்பினாங்க. சில பேர் ஈயக் குண்டுகளை விழுங்க வெச்சாங்க. 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் இந்தப் பழக்கம் உயிரோட இருந்துச்சு. தண்ணிக்குழாய் மடங்கியிருக்கும்போது ஒரு பக்கத்தில் இருந்து அழுத்தத்தைக் கூட்டினா என்ன ஆகும்? மடிப்பு இன்னும் இறுகும், இல்லைன்னா குழாய் வெடிக்கும். குடலுக்கும் அதே கதிதான்.

அவங்களைக் கிண்டல் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிக்கணும். உள்ளே என்ன நடக்குதுன்னே அவங்களுக்குத் தெரியாது. மலச்சிக்கலா, முறுக்கா, குடல் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக்கிச்சா, கட்டியா, எதுவும் தெரியாது. எல்லாத்துக்கும் சேர்த்து 'ஐலியஸ்'னு ஒரே பேரு. பிழைச்சவன் எதனால் பிழைச்சான்னும் தெரியாது, செத்தவன் எதனால் செத்தான்னும் தெரியாது. லாக் ஃபைலே இல்லாத சிஸ்டத்தில் பிழை தேடுற மாதிரி.

அந்த லாக் ஃபைலைத் திறந்தவர் வியன்னாவின் கார்ல் ஃபான் ரோகிடான்ஸ்கி. வாழ்நாளில் சுமார் 30,000 பிரேதப் பரிசோதனைகள் செய்தவர் என்று பேர் வாங்கிய மனுஷன். 1836ல் குடல் அடைப்புக்கான காரணங்களில் ஒண்ணு இந்த முறுக்கு என்று பிணவறை ஆதாரத்தோட பிரிச்சுக் காட்டினார். ஒரே பேரில் கிடந்த பல நோய்கள் தனித்தனியா பிரிய ஆரம்பிச்சது அப்போதான். 1859ல் இங்கிலாந்தில் கே என்ற சர்ஜன், முறுக்கால் இறந்த ஒருத்தரின் உடம்பில் ஆசனவாய் வழியாக ஒரு குழாயைச் செலுத்தி முறுக்கை அவிழ்க்க முடியும்னு காட்டினார். துருத்தி கதை மெதுவாகத் திரும்புது, கவனிச்சீங்களா? ஆனா அப்போ யாரும் பெருசா கண்டுக்கலை.

கத்தி எடுத்தவர்கள்

1846ல் பாஸ்டனில் ஈதர், 1847ல் எடின்பரோவில் குளோரோபார்ம், 1867ல் லிஸ்டரின் கிருமிநாசினி முறை. இந்த மூணும் வந்த பிறகுதான் வயித்தைத் திறக்குறது கொலை முயற்சி என்ற நிலைமை மாறுச்சு.

1871ல் லண்டன் ஹாஸ்பிடலில் ஜோனத்தன் ஹட்சின்சன் ரெண்டு வயசுக் குழந்தை ஒண்ணுக்கு வயித்தைத் திறந்தார். அந்தக் குழந்தைக்கு இருந்தது முறுக்கு இல்லை, அதோட பங்காளி நோய்: டெலஸ்கோப் குழாய் மாதிரி குடல் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக்கிறது. உள்ளே போன குடலை வெளியே இழுத்து விட்டார். குழந்தை பிழைச்சது. அந்த வகையில் வெற்றிகரமான முதல் ஆபரேஷன்களில் ஒண்ணா இதைச் சொல்றாங்க.

சுவாரசியம் என்னன்னா, அதே ஹட்சின்சன் சில வருஷம் கழிச்சு 1878ல், குடல் அடைப்பு வந்தவங்களுக்கு மயக்க மருந்து கொடுத்து, வயித்தை நல்லாப் பிசைந்து, ஆளைத் தலைகீழாப் பிடிச்சுக் குலுக்கிப் பார்க்கலாம்னு எழுதினார்! அப்போதைக்கு அது கிறுக்குத்தனமும் இல்லை. ஆபரேஷன் பண்ணினா பெரும்பாலானவங்க செத்துப்போற காலம். கத்தியோட கணக்கும் குலுக்கலோட கணக்கும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருந்தது.

நம்ம ஊரிலும் குழந்தை வாந்தி எடுத்தா 'குடலேற்றம்'னு சொல்லி, எண்ணெய் தடவி வயித்தை நீவி விடுற பழக்கம் உண்டு. லண்டன் சர்ஜனும் நம்ம பாட்டியும் ஒரே கருத்தில் இருந்திருக்காங்க :-) ஆனா ஹட்சின்சனுக்கு அன்னிக்கு வேற வழி கம்மி. நமக்கு இன்னிக்கு இருக்கு. இதுக்கு அப்புறம் வரேன்.

1883ல் ஆதர்டன் என்பவர் சிக்மாய்ட் முறுக்குக்கு ஆபரேஷன் செய்தார். அமெரிக்காவில் அந்த வகையில் அதுதான் முதலாவதுன்னு சொல்றாங்க. அடுத்த வருஷமே லண்டனில் ஃபிரடெரிக் ட்ரீவ்ஸ் குடல் அடைப்பு பற்றி ஒரு முழுப் புத்தகம் போட்டார். 'யானை மனிதன்' என்று பெயர் பெற்ற ஜோசஃப் மெரிக்கைப் பராமரிச்ச அதே ட்ரீவ்ஸ்தான். 1902 ஜூன் 24ஆம் தேதி, முடிசூட்டு விழாவுக்கு ரெண்டே நாள் இருக்கும்போது, ஏழாம் எட்வர்ட் மன்னருக்கு குடல்வால் சீழ்கட்டியை பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே திறந்து சீழை வெளியேத்தினவரும் இவர்தான். விழாவைத் தள்ளிப்போட்டாங்க, ஆகஸ்ட் 9ஆம் தேதி மன்னர் முடிசூடினார். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் ட்ரீவ்ஸின் சொந்த மகள் குடல்வால் வெடிச்சு இறந்திருந்தாள். 1923ல் அவரும் வயிற்று உள்ளுறை அழற்சியால்தான் இறந்தார். வாழ்நாள் முழுக்க வயித்தோட சண்டை போட்ட மனுஷனை வயிறே கொண்டுபோயிடுச்சு.

ஆபரேஷன் சக்சஸ், பேஷன்ட் அவுட்

நம்ம ஊர் ஜோக் அந்தக் காலத்துக்கு அப்படியே பொருந்தும். முறுக்கை அவிழ்ப்பாங்க, தையல் போடுவாங்க, எல்லாம் சரியா இருக்கும். ரெண்டு நாளில் நோயாளி போய்ச் சேர்ந்திடுவார். ஏன்?

அடைபட்ட குடலில் ஏதோ விஷம் ஊறி ரத்தத்தில் கலக்குதுன்னு பலரும் நம்பினாங்க. அந்த விஷத்தைத் தேடி ஆராய்ச்சியும் பண்ணாங்க. 1912ல் ஹார்ட்வெல், ஹோகெட் என்ற ரெண்டு அமெரிக்கர்கள் ரொம்ப சிம்பிளா ஒண்ணு பண்ணாங்க. குடலின் மேல்பகுதியை அடைச்ச நாய்களுக்கு, அவை வாந்தியில் இழந்த அளவுக்கு உப்புநீரைத் தோலுக்கடியில் ஏத்தினாங்க. சீக்கிரம் சாகவேண்டிய நாய்கள் வாரக்கணக்கில் உயிரோட இருந்துச்சு. அடைப்பு அப்படியேதான் இருக்கு, ஆனா நாய் சாகலை! அப்போ மேல்குடல் அடைப்பில் கொன்னது முக்கியமா விஷம் இல்லை, உப்பும் தண்ணியும் போனதுதான்.

இதில் ஒரு சோகம் இருக்கு. 1832லேயே ஸ்காட்லாந்தின் லீத் ஊரில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர் காலரா நோயாளிகளுக்கு நரம்பு வழியா உப்புநீர் ஏத்தி சிலரைப் பிழைக்க வெச்சுக் காட்டியிருந்தார். அந்த அறிவு காலராவோடயே நின்னுபோச்சு. பக்கத்து வார்டுக்கு வந்து சேர எண்பது வருஷம்.

அடுத்த பாய்ச்சல் 1930களின் தொடக்கத்தில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில். ஓவன் வாங்கன்ஸ்டீன் என்ற சர்ஜன், மூக்கு வழியா ஒரு குழாயை வயித்துக்குள் இறக்கி, உள்ளே தேங்கின காத்தையும் நீரையும் தொடர்ந்து உறிஞ்சி எடுத்தார். குடல் உப்புறதுக்கு முக்கியமான காரணம் நாம விழுங்குற காத்துதான் என்பதை அவர் ஆராய்ச்சி காட்டுச்சு. இன்னிக்கு எந்த ஆஸ்பத்திரியில் குடல் அடைப்போட போனாலும் முதல்ல செய்யறது இந்த ரெண்டும்தான்: மூக்கில் குழாய், கையில் சலைன். பார்க்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். ஆனா கத்தியைவிட அதிக உயிரைக் காப்பாத்தினது இந்த ரெண்டு குழாயாத்தான் இருக்கும்னு எனக்குத் தோணுது.

ஹிப்போகிரட்டிஸ் சிரிக்கிறார்

1947. நார்வேயைச் சேர்ந்த ப்ரூஸ்கார்ட் என்ற சர்ஜன் ஒரு கட்டுரை வெளியிடுறார். சிக்மாய்ட் முறுக்கோட வந்தவங்களில், குடல் இன்னும் அழுகலைன்னா, உடனே வயித்தைத் திறக்காதீங்க. ஆசனவாய் வழியா ஒரு நேரான கருவியை முறுக்கு வரைக்கும் உள்ளே விட்டு, அதன் வழியா ஒரு மெல்லிய குழாயைச் செலுத்துங்க. காத்தும் கழிவும் பீறிட்டு வெளியே வரும், முறுக்கு தானா அவிழும். பெரும்பாலானவங்களுக்கு இது பலிச்சது. 1976ல் காஸி, ஷின்யா, வோல்ஃப் ஆகியோர் வளையக்கூடிய கொலோனோஸ்கோப் வெச்சு இதையே இன்னும் நல்லாச் செய்யலாம்னு காட்டினாங்க. போற வழியில் குடல் சுவர் ரோஜா நிறத்தில் இருக்கா, கறுத்துப்போச்சான்னு கண்ணாலயே பார்த்துடலாம் என்பது கூடுதல் லாபம்.

ஆக, துருத்தியும் பத்து விரல்கடைக் குச்சியும் சொன்ன வழி சரியான வழிதான். வழி தெரிஞ்சவனுக்குக் கண் இல்லை, கண் வர ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு.

சரி, அவிழ்த்தாச்சு, வீட்டுக்கு அனுப்பிடலாமா? அங்கேதான் அடுத்த சிக்கல். ஊஞ்சல் கயிறு இன்னும் பக்கத்துப் பக்கத்துலதானே இருக்கு? குழாய் விட்டு அவிழ்த்துட்டு வேற எதுவும் செய்யாம விட்டவங்களில், பல ஆய்வுகளில், பாதிப்பேர் அளவுக்குத் திரும்ப முறுக்கோட வந்தாங்க. நம்ம பாஷையில் சொன்னா, சர்வர் தொங்கிடுச்சுன்னு ரீஸ்டார்ட் பண்ணிட்டு வீட்டுக்குப் போற கதை. காலையில் ஓடும். மூலக்காரணம் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். அடுத்த தடவை ராத்திரி ரெண்டு மணிக்குத் தொங்கும்.

அதனால இப்போ உள்ள நடைமுறை ரெண்டு படி. முதல்ல குழாய் விட்டு அவிழ்த்து, ஒண்ணு ரெண்டு நாள் குழாயை உள்ளேயே விட்டு ஆளைத் தேத்துறது. அப்புறம் அதே ஆஸ்பத்திரி வாசத்திலேயே, நிதானமா, அந்த நீளமான வளைவை வெட்டி எடுத்து ரெண்டு முனையையும் சேர்த்துத் தைக்கிறது. குடல் ஏற்கனவே அழுகியிருந்தா இந்த சொகுசு கிடையாது, உடனே ஆபரேஷன். அப்போ முறுக்கை அவிழ்க்காமலே வெட்டி எடுப்பாங்க. அவிழ்த்தா உள்ளே தேங்கின நச்செல்லாம் ரத்தத்தோட கலந்துடும். பல சமயம் முனைகளை உடனே சேர்க்காம, ஒரு முனையை வயித்துக்கு வெளியே கொண்டுவந்து பை மாட்டிவிடுவாங்க. 1921ல் ஃபிரான்ஸின் ஆன்ரி ஹார்ட்மன் மலக்குடல் புற்றுநோய்க்காகக் கொண்டுவந்த முறை, இங்கேயும் கைகொடுக்குது.

நிதானத்துக்கும் அவசரத்துக்கும் வித்தியாசம் எவ்வளவு? 2000ஆம் வருஷம் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இருந்து ஒரு ஆய்வு வந்தது. மொத்தம் 228 நோயாளிகள். 189 பேருக்கு உள்நோக்கிக் கருவியால் அவிழ்க்க முயற்சி, 154 பேருக்குப் பலிச்சது. அதாவது 81 சதவீதம். அவசர ஆபரேஷன் நடந்தது 79 பேருக்கு, 30 நாளுக்குள் இறந்தவர்கள் 19 பேர், 24 சதவீதம். திட்டமிட்ட ஆபரேஷன் 99 பேருக்கு, இறந்தவர்கள் 6 பேர், 6 சதவீதம்.

நாலு மடங்கு வித்தியாசம். ஆனா இதை அப்படியே முழுங்கிடக்கூடாது. அவசரமா டேபிளுக்குப் போனவங்க ஏற்கனவே மோசமான நிலைமையில் இருந்தவங்க. அதனால ஆபரேஷன் பண்ணின நேரம் மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனாலும் அழுகுறதுக்கு முன்னாடி வந்தவன், பிந்தி வந்தவன் என்ற கோடு எண்களில் பளிச்சுனு தெரியுது.

பெரிய படத்துக்கு 2014ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு. 2002 முதல் 2010 வரை குடல் அடைப்புக்காகச் சேர்ந்த சுமார் 33.5 லட்சம் அனுமதிகளில் பெருங்குடல் முறுக்கு 63,749, வெறும் 1.9 சதவீதம். சிக்மாய்ட் முறுக்கில் இறப்பு 9.44 சதவீதம், சீகம் முறுக்கில் 6.64 சதவீதம். நடுப் பெருங்குடல் முறுக்குவது அபூர்வம், ஆனா அதில் இறப்பு சுமார் 18 சதவீதம்.

அமெரிக்காவில் இது பெரும்பாலும் முதியவர்களின் நோய். மலச்சிக்கல், படுத்த படுக்கை, நரம்பு நோய்கள்னு இருக்கிறவங்களுக்கு வருது. ஆனா ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு, துருக்கி, இந்தியாவின் சில பகுதிகள், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி இதையெல்லாம் சேர்த்து 'வால்வுலஸ் பெல்ட்'னே சொல்றாங்க. இங்கே நடுவயசு ஆண்களுக்கும் சகஜமா வருது. நார் அதிகமான சாப்பாடு, இயல்பிலேயே நீளமான குடல், உயரமான இடம்னு பல காரணம் சொல்றாங்க. துருக்கியின் கிழக்கே, சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிற எர்ஸுரும் நகரில் ஒரே மருத்துவமனை 46.5 வருஷத்தில் 952 சிக்மாய்ட் முறுக்கு நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்ததா 2013ல் எழுதினாங்க. ஒரு ஊருக்கு அபூர்வ நோய், இன்னொரு ஊருக்கு மாதாந்திர வேலை.

குழந்தைகள்: கயிற்றை அகட்டிக் கட்டியவர்

இப்போ ஆரம்பத்தில் தள்ளி வெச்ச விஷயம்.

கருவில் ஆறாவது வாரத்தில் குடல் வயித்தில் இடம் பத்தாமல் தொப்புள்கொடிக்குள்ளே போயிடும். பத்தாவது வாரம் வாக்கில் திரும்ப உள்ளே வரும். இந்தப் போக்குவரத்தில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் 270 டிகிரி சுத்தி, மேலே இடப்பக்கமும் கீழே வலப்பக்கமும் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கிட்டா திரையோட அடி வயித்துக்குக் குறுக்கே அகலமா அமைஞ்சிடும், கூடத்து ஊஞ்சல் மாதிரி. சில குழந்தைகளுக்கு இந்தச் சுத்து பாதியில் நின்னுடும். அப்போ சிறுகுடல் மொத்தமும் ஒரு சின்னக் காம்பில் தொங்கும். அது முறுக்கினா போறது ஒரு துண்டு குடல் இல்லை, கிட்டத்தட்ட முழுச் சிறுகுடலும். சுமார் 6,000 பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு இந்தக் கோளாறு தொந்தரவாக வெளிப்படும்னு கணக்கு. பெரும்பாலும் முதல் மாசத்திலேயே.

1923ல் எடின்பரோவின் நார்மன் டாட் ஐந்து நோயாளிகளை வெச்சு, இந்தச் சுழற்சிக் கோளாறுகளைக் கருவியலோட இணைச்சு எழுதினார். அப்போ அவருக்கு வயசு 26க்குள்ளதான். நம்மாளு முதல்ல ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் பயிற்சிக்கு இருந்தவர்! 1913ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் காலில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர், டாக்டராகிடலாம்னு முடிவு பண்ணிட்டார். பின்னாடி ஸ்காட்லாந்தின் பெரிய மூளை அறுவை நிபுணர். நம்ம இனத்தில் இருந்து ஒருத்தர் அந்தப்பக்கம் போனதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் :-)

அதை வைத்தியமாக்கினவர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் வில்லியம் லாட். அதுவரைக்கும் முறுக்கை அவிழ்த்தாலும் சில குழந்தைகள் வாந்தி எடுத்துக்கிட்டே இருந்தாங்க. இடம் மாறி நின்ன பெருங்குடலில் இருந்து வர்ற சவ்வுப் பட்டைகள் சிறுகுடலின் தொடக்கத்தை அழுத்திக்கொண்டிருப்பதை லாட் வலியுறுத்தினார். 1936ல் அவர் எழுதிய முறை இதுதான்: முறுக்கை எதிர்த்திசையில் அவிழ், பட்டைகளை வெட்டு, குறுகின காம்பை விரிச்சு அகலமாக்கு, சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் வை. குடல்வாலையும் எடுத்துடு, இல்லைன்னா பின்னாடி அது இடப்பக்கம் வலிச்சு டாக்டர்களைக் குழப்பும்.

கவனிங்க, குடலை இயல்பான இடத்தில் வைக்க அவர் முயற்சிக்கலை. இயற்கை எப்படி வெச்சிருக்கணுமோ அப்படி வைக்கிறதைவிட, திரும்ப முறுக்காத மாதிரி வைக்கிறதுதான் முக்கியம்னு முடிவு பண்ணார். ஊஞ்சல் கயிற்றை அகட்டிக் கட்டிட்டார், அவ்வளவுதான். 1995ல் இதையே சின்னத் துளைகள் வழியா லேப்ராஸ்கோப்பில் செய்ய ஆரம்பிச்சாங்க. ஆனா முறையோட சாரம் இன்னிக்கும் லாட் சொன்னதுதான்.

1955ல் தென்னாப்பிரிக்காவின் லோவும் பர்னார்டும் கருவில் இருக்கும் நாய்க்குட்டிகளின் குடல் ரத்தக்குழாயைக் கட்டி, அதனால் பிறக்கும்போதே குடல் அடைபட்டிருக்கும்னு நிரூபிச்சாங்க. அதாவது முறுக்கு மாதிரியான விபத்து தாய் வயித்துக்குள்ளேயே நடந்து முடிஞ்சிருக்கலாம். ஆமா, 1967ல் முதல் இதய மாற்று ஆபரேஷன் செய்த அதே பர்னார்ட்தான்.

சரி, குடல் மொத்தமும் அழுகிப்போயிருந்தா? 1960கள் வரைக்கும் வயித்தைத் திறந்து பார்த்துட்டு மூடுறதைத் தவிர வழியில்லை. குடல் இல்லாம சாப்பாடு எப்படி? பிலடெல்ஃபியாவில் ஸ்டான்லி டட்ரிக் முதலில் பீகிள் நாய்க்குட்டிகளை நரம்பு வழி உணவு மட்டும் கொடுத்தே வளர்த்துக் காட்டினார். அப்புறம் பிறவியிலேயே சிறுகுடல் கிட்டத்தட்ட முழுசும் அடைபட்ட ஒரு பெண்குழந்தைக்கு அதையே செஞ்சு, குழந்தை எடை கூடி வளர்வதை 1968ல் வில்மோருடன் சேர்ந்து வெளியிட்டார். அதுக்கப்புறம்தான் 'முழுக் குடலும் போச்சு' என்பது உடனடி மரண தண்டனையா இல்லாமல் போனது. ஆனா அந்த வாழ்க்கை லேசானதில்லை. தினமும் மணிக்கணக்கில் நரம்பு வழி சாப்பாடு, தொற்று பயம், கல்லீரல் பாதிப்பு, சிலருக்குக் கடைசியில் குடல் மாற்று ஆபரேஷன். சில மணி நேரத் தாமதத்துக்கு ஒரு குழந்தை ஆயுசு முழுக்கக் கட்டுற வட்டி.

நான் சொல்லவந்த ஒரே ஒரு விஷயம்

பிறந்த குழந்தை, அதுவரைக்கும் நல்லா இருந்த குழந்தை, திடீர்னு பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தா... பால் கக்குறது இல்லை, பச்சை... அது பித்தநீர். இரைப்பைக்குக் கீழே எங்கேயோ பாதை அடைபட்டிருக்கு என்று அர்த்தமா இருக்கலாம். வேற காரணமாவும் இருக்கலாம். ஆனா முறுக்கு இல்லைன்னு நிரூபிக்கிற வரைக்கும் முறுக்குன்னே எடுத்துக்கணும் என்பது குழந்தை சர்ஜன்களின் பாலபாடம். ஆரம்பத்தில் வயிறு உப்பாமல், தொட்டால் மெத்துனுகூட இருக்கலாம். அதை நம்பி உட்காரக்கூடாது. ஸ்கேனில் ரத்தக்குழாய்கள் நீர்ச்சுழி மாதிரி சுத்தியிருக்கிறதைப் பார்க்க முடியும். 1992லேயே பிரெஞ்சு மருத்துவர்கள் அதைக் காட்டிட்டாங்க. சந்தேகம் இருந்தா மருந்து குடிக்க வெச்சு எக்ஸ்ரே எடுப்பாங்க. கண்டுபிடிக்க வழி இருக்கு, சரி பண்ண லாட் காட்டின முறை இருக்கு. இல்லாதது நேரம் மட்டும்தான்.

அதனால அந்த நேரத்தில் எண்ணெய் தடவி நீவாதீங்க, 'குடலேற்றம், காலையில் சரியாகிடும்'னு யாராவது சொன்னா கேட்காதீங்க, அவங்க எவ்வளவு அனுபவசாலியா இருந்தாலும். குழந்தையைத் தூக்கிக்கிட்டு, குழந்தை சர்ஜன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ராத்திரியோட ராத்திரியா ஓடுங்க. பெரியவங்களுக்கும் அதே: வயிறு திடீர்னு உப்பி, காத்தும் மலமும் போகாம, வலி விடாம இருந்தா, கஷாயம் போட்டுப் பார்த்துட்டு இருக்காதீங்க.

எகிப்துக்காரன் சுவடியில் எழுதினது ரெண்டு வழிதான்: அவிழும், இல்லைன்னா அழுகும். எந்தப் பக்கம் விழும்னு அவன் வேடிக்கை பார்க்கத்தான் முடிஞ்சது. துருத்தி, பாதரசம், குலுக்கல், கத்தி, சலைன், குழாய்னு மூவாயிரம் வருஷம் பாடுபட்டு நாம அந்த ரெண்டுக்கும் நடுவில் கொஞ்சம் நேரத்தைச் சம்பாதிச்சு வெச்சிருக்கோம். சில மணி நேரம்தான். அதை வீட்டுத் திண்ணையில் செலவழிச்சிடாதீங்க.

அடுத்த பதிவில் வேற ஏதாவது உருளுற சமாச்சாரத்தோட சந்திக்கிறேன். வரட்டுமா?